மதுரையில் 120 கலர் ஃபிலிம்: முதல் ரோல் வாங்குவதற்கு முன் படிக்க

என் முதல் மூன்று ரோல்களும் வீணாகிவிட்டன. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றை எங்கே கழுவக் கொடுப்பது என்று தெரியாமல் நான்கு மாதம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். சித்திரை, வைகாசி வெயில் முழுக்க அதன் மேல் போயிற்று. படங்கள் சாயம் போன சேலை மாதிரி வந்தன. இரண்டாவது ரோலில் கேமராவுக்குள் இருந்த, வெளிச்சம் அளக்கும் மீட்டரை நம்பினேன், பன்னிரண்டும் இருட்டு. மூன்றாவதைச் சரியாக இறுக்கிச் சுற்றாமல் பையில் போட்டேன். ஓரம் முழுக்க வெளிச்சம் ஏறிவிட்டது.

கவனித்துப் பாருங்கள்: ஃபோகஸ் செய்ததிலோ, ஃப்ரேம் பார்த்ததிலோ, பொத்தானை அழுத்தியதிலோ தவறில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளில்தான் பணம் போயிற்று. அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும்: முதலில் லேப், அப்புறம் கேமரா, அப்புறம் ஃபிலிம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வார இறுதியில் 120 ஃபிலிமில், அதாவது தாளோடு சுற்றி வரும் அகலமான ரோலில், கலர் நெகட்டிவ் எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது யாஷிகா மேட் 124ஜி. 6×6 சதுரப் படம், ஒரு ரோலில் 12. வேறு கேமரா என்றால் லோடு செய்யும் படியும் படங்களின் எண்ணிக்கையும் மாறலாம், மற்றது பெரும்பாலும் ஒன்றுதான்.

1. கழுவும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மதுரையில் நான் ஏறி இறங்கிய ஸ்டுடியோ எதிலும் 120 கலர் ஃபிலிமைக் கழுவித் தரவில்லை. ஒரு இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாள் கழித்து அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கலர் நெகட்டிவைக் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், நேரம் 3 நிமிடம் 15 விநாடி. சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும், கெமிக்கல் பழசானாலும் நிறம் மாறிவிடும். அதனால் வாரம் தவறாமல் ரோல் வரும் லேப்தான் நமக்கு வேண்டும். போன் போட்டு இந்த நான்கையும் கேளுங்கள்:

— 120 சி-41 உங்களிடமே கழுவுகிறீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா?
— வாரத்தில் எந்தக் கிழமை கழுவுகிறீர்கள்?
— ஸ்கேன் எத்தனை பிக்சல்? ஜேபெக் மட்டுமா, டிஃப் உண்டா?
— நெகட்டிவ் திரும்ப வருமா? உறை போட்டு வருமா? கூரியர் செலவு யாருடையது?

மூன்றாவது கேள்விக்கு "பெரிசா வரும் சார்" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். 6×6 நெகட்டிவ் நிஜத்தில் 56 மில்லிமீட்டர் சதுரம். 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 5,300 பிக்சல் வர வேண்டும். 2,000 பிக்சல்தான் தருவார்கள் என்றால், இவ்வளவு பெரிய ஃபிலிமில் எடுத்ததற்கு அர்த்தமே இல்லை.

2. கேமரா வாங்கும்போது பார்க்க வேண்டியவை

யாஷிகா மேட் 124ஜி 1970ஆம் ஆண்டு வந்தது. உங்கள் கைக்கு வருவது எப்படியும் ஏறக்குறைய நாற்பது ஆண்டாவது பழசு. நான் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். சர்வீஸுக்கு 3,500 தனியாக ஆயிற்று. விலை பேசும்போதே சர்வீஸ் செலவையும் கணக்கில் வையுங்கள்.

போன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. 1 விநாடி, அரை விநாடியில் ஷட்டரை இயக்கிக் காதால் கேளுங்கள். இழுத்துக்கொண்டு நின்றால் கிரீஸ் கட்டியிருக்கிறது. பின்கதவு ஓரத்து ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கருப்பாக ஒட்டினால் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் உள்ளே வரும்.

முக்கியமான ஒன்று: உள்ளே காலி ஸ்பூல் இருக்கிறதா? 120 ஃபிலிம் ஒரு ஸ்பூலிலிருந்து இன்னொரு ஸ்பூலுக்குப் போய்ச் சுற்றிக்கொள்ளும். காலி ஸ்பூல் இல்லாவிட்டால் ஃபிலிம் கையில் இருந்தும் படம் எடுக்க முடியாது. விற்பவர்கள் பலர் அதைத் தொலைத்திருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பான் அல்லது ஆதார் நகல் கொடுத்து கேஒய்சி முடிக்கச் சொல்லி கூரியர்காரர்கள் கேட்பார்கள். சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள். ஊருக்குள் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே முதல் கேமராவுக்கு நல்லது.

3. ஃபிலிமும் செலவும்

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை கோடாக் கோல்ட் 200. 2022ஆம் ஆண்டிலிருந்து 120 அளவிலும் கிடைக்கிறது. நம் மண்ணின் நிறத்தையும் மாலை வெயிலையும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்து அழகாகக் காட்டும். முகங்கள் நிறைய எடுப்பீர்கள் என்றால், நிழலில் எடுப்பீர்கள் என்றால் போர்ட்ரா 400. எக்டார் 100 கோயில் கோபுரத்துக்கும் மலைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் நம் மாநிறத்தைச் சிவப்பாகக் காட்டிவிடும், எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு) தவறினால் மன்னிக்காது. அதைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, தேதி முடிந்த ஃபிலிம். பாதி விலைக்குக் கிடைக்கும். குளிர்ப்பெட்டியில் இருந்ததா, பரணில் இருந்ததா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். இரண்டு, சினிமா ஃபிலிமை 120 ஸ்பூலில் சுற்றி விற்பது. அதன் பின்புறம் ரெம்ஜெட் என்ற கரும்பூச்சு இருந்தால் அது சி-41 இயந்திரத்தையே கெடுத்துவிடும், லேப் வாங்காது. வாங்கும் முன் "சி-41ல் கழுவலாமா" என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கடைசிக் கணக்கு இது. கோல்ட் ஒரு ரோல் 1,150 ரூபாய். கழுவி ஸ்கேன் செய்ய 750. போக வர கூரியர் 200. ஒரே ரோலை அனுப்பினால் 2,100. படம் ஒன்றுக்கு 175 ரூபாய். நான்கு ரோல் சேர்த்து அனுப்பினால் கூரியர் நான்காகப் பிரிந்து படம் ஒன்றுக்கு 162.50 ரூபாய்க்கு வரும். விலை அடிக்கடி மாறுகிறது, வாங்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பன்னிரண்டரை ரூபாய்தான் என்பதையும் கவனியுங்கள். அதற்காக எடுத்த ரோலை மாதக்கணக்கில் சேர்த்து வைக்க வேண்டாம்.

4. முந்தின நாள்

ஃபிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காலையில் போவதாக இருந்தால் முந்தின இரவே வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த ரோலை உடனே உறை பிரித்தால் மேலே வியர்த்துவிடும். அந்த ஈரம் படத்தில் புள்ளியாக வரும்.

மறுநாள் வெளியே கிளம்பும்போது வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். மதுரை வெயிலில் சீட்டுக்கு அடியில் இருக்கும் சூடு உங்களுக்கே தெரியும். துணிப்பையில், தோளில், நிழல் பக்கமாக. ஐஸ் எல்லாம் வேண்டாம்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு ரோல், மார்க்கர் பேனா, சின்ன நோட்டு, லைட் மீட்டர் செயலி போட்ட போன், அடையாள அட்டை, கேமரா பில் இருந்தால் அதன் நகல். கடைசி இரண்டும் ஏன் என்றால், பழைய பெட்டிக் கேமராவைப் பார்த்தால் காவலாளிகள் "சினிமாவா, சர்வேயா" என்று நிறுத்திக் கேட்பார்கள். அட்டையைக் காட்டி, ஃபைண்டரில் அவர்களையும் ஒருமுறை பார்க்கச் சொன்னால் பேச்சு சுமுகமாக முடியும்.

5. லோடு செய்தல்

வீட்டில் ஃபேன் காற்றுக்குக் கீழே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். வெளியே என்றால் நிழலில் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்யுங்கள்.

புது ரோல் கீழே, காலி ஸ்பூல் மேலே. தாளின் கருப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். தாளின் நுனியைக் காலி ஸ்பூலின் பிளவில் நுழைத்து, கட்டைவிரலால் கீழ் ரோலை அழுத்திக்கொண்டே மெல்லச் சுற்றுங்கள். தாளில் உள்ள அம்புக்குறி, உள்ளே ஓரத்தில் இருக்கும் குறிக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். கதவை மூடி, கைப்பிடியை அது தானாக நிற்கும்வரை சுற்றினால் 1 என்று காட்டும்.

124ஜியில் ஒரு விஷயம். பின்கதவில் உள்ள அழுத்துத் தகட்டை 120க்கும், 24 படம் வரும் 220 ஃபிலிமுக்கும் மாற்றி வைக்கலாம். 12 என்ற இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 24இல் இருந்தால் எண்ணும் தவறும், ஃபோகஸும் தவறும். இன்னொன்று: 1/500 வேகம் வேண்டுமென்றால் கைப்பிடியைச் சுற்றும் முன்பே வைத்துவிடுங்கள். சுற்றிய பிறகு அந்த வேகத்துக்கு மாற்றுவது ஷட்டருக்கு நல்லதல்ல.

6. வெளிச்சம் அளத்தல்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கேமராவில் உள்ள மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது தயாராவதில்லை. கடையில் அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் நகரும், சரியாக வேலை செய்வது போலவே இருக்கும். ஆனால் உள்ள வெளிச்சத்தைவிட அதிகமாகக் காட்டும். நீங்கள் குறைவாக எக்ஸ்போஸ் செய்வீர்கள். என் இரண்டாவது ரோல் இப்படித்தான் போயிற்று. போன் செயலியைப் பயன்படுத்துங்கள்.

கலர் நெகட்டிவுக்கு வெளிச்சம் கூடினால் பரவாயில்லை, குறைந்தால்தான் ஆபத்து. ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது ஒரு ஸ்டாப்), இரண்டு ஸ்டாப் கூடினாலும் ஸ்கேனில் சரிசெய்துவிடலாம். ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல் எல்லாம் சேறு மாதிரி ஆகி, பொரிபொரியாக வரும். டிஜிட்டலில் பழகியவர்கள் வெள்ளை எரிந்துவிடுமோ என்று குறைத்துக் குறைத்தே எடுத்திருப்போம். அந்தப் பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

நான் செய்வது: செயலியில் ஐஎஸ்ஓவை (ஃபிலிம் பெட்டியில் போட்டிருக்கும் வேக எண்) பாதியாக வைத்துவிடுவேன். கோல்ட் 200க்கு 100, போர்ட்ரா 400க்கு 200. பிறகு காட்சியின் நடுத்தரமான இடத்தை அளப்பேன். வெயிலும் நிழலும் கத்தரித்தது போல இருக்கும் இடத்தில் மட்டும், ஐஎஸ்ஓவைப் பெட்டியில் போட்டபடியே வைத்து நிழலை அளப்பேன். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். மூன்று ஸ்டாப்புக்கு மேல் போய்விடும்.

வெள்ளை வேட்டி கட்டியவரை வெயிலில் எடுக்கும்போது கவனம். மீட்டர் வேட்டியைப் பார்த்து "வெளிச்சம் நிறைய இருக்கிறது" என்று சொல்லும். முகம் கருத்துப் போகும். பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியலும் அப்படியே ஏமாற்றும். குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் முகத்தை, அதுவும் நிழல் விழுந்த கன்னத்தை அளங்கள்.

போன் சார்ஜ் போய்விட்டால் மனப்பாடமாக இருக்கட்டும்: கோல்ட் 200க்கு நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் 1/250 விநாடி, லென்ஸ் திறப்பு எஃப் 11. திறந்த நிழலில் 1/125, எஃப் 5.6.

கையில் பிடித்து எடுக்க 1/125 வரை பயமில்லை. 1/60 என்றால் கழுத்துப் பட்டையைக் கீழ்நோக்கி இறுக்கி, மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள். ஃபைண்டரில் இடம் வலமாகத் தெரியும். நடக்கிறவரைத் தொடர்வது முதல் நாள் வரவே வராது. நிற்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

7. எங்கே, எப்போது, என்ன அனுமதி

காலை 6.15 முதல் 8.30, மாலை 4.45 முதல் இருட்டும்வரை. நடுவே உள்ள வெயிலில் முகத்தில் கண்குழி கருப்பாக விழும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் அடுத்த இடத்தைப் பார்த்து வைப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரோலுக்குக் கீழக்குயில்குடியைச் சொல்வேன். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். காலையில் கூட்டம் இருக்காது, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். பச்சை, பாறையின் பழுப்பு, குதிரைச் சிலைகளின் சாயம் என எல்லா நிறமும் ஒரே இடத்தில் கிடைப்பதால் ஃபிலிம் எதை எப்படிக் காட்டுகிறது என்று ஒரே ரோலில் தெரிந்துவிடும். மலை மேல் உள்ள சமணச் சிற்பங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுக்கலாம். முக்காலி வைக்க அந்தத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஏறும்போது ஒரு பாட்டில் தண்ணீர் போதாது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிந்தவுடன் போய்விடுங்கள். கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு, போர்ட்ரா 400 வேண்டும். டியூப்லைட்டும் வெளியிலிருந்து வரும் வெளிச்சமும் கலக்கும் இடத்தில் முகம் பச்சையடிக்கும். கொட்டகை ஓரத்தில், ஒரே வெளிச்சம் விழும் இடத்தில் நில்லுங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு எடுங்கள். தோளுக்குக் கீழே குனிந்து பார்த்து எடுக்கும் கேமரா என்பதால், எடுத்ததே தெரியாமல் எடுத்துவிடலாம். அதனாலேயே கேட்க வேண்டிய கடமை கூடுகிறது.

திருமலை நாயக்கர் மகால் காலை 9 மணிக்குத்தான் திறக்கும். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு. முதலிலேயே வாங்கி, வெளியே வரும்வரை வைத்திருங்கள். உள்ளே முற்றம் பளிச்சென்றும் தூண் வரிசை இருட்டாகவும் இருக்கும். தூணின் நிழல் பக்கத்தை அளங்கள், முற்றம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமராவும் போனும் கொண்டுபோக முடியாது. சித்திரை வீதிகளில் வெளியே நின்று எடுங்கள். கோயிலுக்குள் போகும் நாளில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நிம்மதி. ரயில் நிலையத்து நடைமேடையில் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள்.

மாலைக்கு வண்டியூர் தெப்பக்குளம். படிச்சுவரில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள், நடுவே மைய மண்டபம், பஞ்சுமிட்டாய். கடைசி மூன்று ஃப்ரேமை அந்த மாலைக்கென்று மிச்சம் வையுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி: எண், இடம், வேகம், எஃப். முதல் நான்கு ரோலுக்காவது இதை விடாதீர்கள். ஏன் என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

8. ரோல் முடிந்தவுடன்

12 முடிந்ததும் கைப்பிடி தடையில்லாமல் ஓடும். தாள் முழுவதும் மேலே போகும்வரை சுற்றுங்கள். நிழலுக்குப் போய்த் திறங்கள். ரோலை எடுக்கும்போதே கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். தளர்ந்தால் ஓரம் வழியாக வெளிச்சம் புகும். தாளின் நுனியை உள்பக்கமாக மடித்து, ஒட்டுப்பட்டையை ஈரமாக்கி இறுக்கமாக ஒட்டுங்கள். தளர்ந்திருக்கிறது என்று முறுக்கி இறுக்காதீர்கள். உள்ளே ஃபிலிம் உரசிக் கீறும்.

ரோல் மேல் மார்க்கரால் தேதியும் இடமும் எழுதி, வந்த உறையிலேயே திருப்பி வையுங்கள். கீழே மிஞ்சிய காலி ஸ்பூலை மேலே மாற்றிவிடுங்கள். அதுதான் அடுத்த ரோலுக்கு.

9. அனுப்புதல்

எடுத்த ரோல் இரண்டு வாரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும். லேப் கழுவும் கிழமைக்கு முந்தின நாள் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். சனிக்கிழமை அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு குடோனின் சூட்டில் கிடக்கும்.

டப்பாவுக்குள் ஒரு தாள் வையுங்கள்: உங்கள் பெயர், போன் எண், ஃபிலிம் பெயர், எத்தனை ரோல், "சி-41, நார்மல்", ஸ்கேன் அளவு, "நெகட்டிவ் திருப்பி அனுப்பவும்". "நார்மல்" என்று எழுதுவது அவசியம். நீங்கள் ஐஎஸ்ஓவைப் பாதியாக வைத்ததை அவர்களிடம் சொல்லப் போனால், சிலர் "புல்" (pull, குறைந்த நேரம் கழுவுவது) செய்ய வேண்டும் என்று நினைத்து நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். டப்பாவைப் படம் எடுத்து, ரசீது எண்ணை லேபுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

ரயில் நிலையம், மால் வாசல்களில் பை ஸ்கேனர் இருந்தால், ஃபிலிமைக் கையில் எடுத்து "இது ஃபிலிம், கையால பாருங்க" என்று கேளுங்கள். 400 வரை உள்ள ஃபிலிம் சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றிரண்டு முறை போனால் பெரிதாக எதுவும் ஆகாது. விமான நிலையங்களில் வந்துவிட்ட சி.டி. (CT) ஸ்கேனர் அப்படி அல்ல, ஒரே முறையில் கெடுத்துவிடும். அங்கே கையால் பார்க்கச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும்.

எனக்கு ஸ்கேன் வர ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. நெகட்டிவ் அதற்கு மேல் ஒரு வாரம்.

10. நெகட்டிவ் வந்த பிறகு

ஸ்கேனைப் பார்த்துவிட்டு நெகட்டிவ் உறையைப் பிரிக்காமலே வைத்துவிடும் நண்பர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஸ்கேன் செய்தவர் இயந்திரத்தில் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றி இறக்கியிருப்பார். நீங்கள் செய்தது என்ன என்பது நெகட்டிவில்தான் இருக்கும்.

போன் திரையை வெள்ளையாக்கி, அதன் மேல் உறையோடு நெகட்டிவைப் பிடியுங்கள். முதலில் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் எண்களும் அங்கே அச்சாகியிருக்கும். அவற்றைத் தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதிக்கிறார்கள், உங்கள் கேமராவுக்கு அதில் பங்கில்லை. அந்த எழுத்துகள் அழுத்தமாக இருந்து, படங்கள் மட்டும் மெலிந்து கண்ணாடி போல இருந்தால் எக்ஸ்போஷர் குறைவு. உங்கள் கணக்கில் தவறு. எழுத்துகளே வெளிறியிருந்தால் கழுவியதில் கோளாறு. லேபைக் கேளுங்கள், நெகட்டிவைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஓரத்திலிருந்து உள்ளே கருப்பாகப் புகை மாதிரி வந்திருந்தால் ரோல் தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் அந்தக் கறை இருந்தால் கதவு ஃபோம்.

இப்போது நோட்டை எடுத்துப் படத்துக்குப் படம் ஒப்பிடுங்கள். என் நான்காவது ரோலில் தாமரைக் குளம் நன்றாக வந்திருந்தது. ஆலமரத்தடியில் எடுத்த இரண்டும் மெலிந்திருந்தன. நோட்டைப் பார்த்தால் இரண்டுக்கும் 1/250 என்று எழுதியிருந்தேன். வெயிலில் வைத்த வேகத்தை நிழலுக்கு வந்த பிறகும் மாற்றவில்லை. அடுத்த ரோலில் அந்த மரத்தடிக்கே போய் 1/60இல் எடுத்தேன்.